வயல்நீரும் உயிரணுச் சைகையும்: தென்னார்க்காட்டில் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் ஆய்வின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

1955-இல் வேலூரில் அடையாளம் காணப்பட்ட ஜப்பானிய மூளைக் காய்ச்சல், பின்னர் நெய்வேலி, விருத்தாசலம் வட்டாரங்களை உள்ளடக்கிய தென்னார்க்காடு மாவட்டத்தில் நிலைத்த நோயாயிற்று. இந்நோய் குறித்த ஆய்வு இரு வேறு களங்களில் நடந்தது. ஒன்று, நெல்வயலிலும் மாட்டுக்கொட்டிலிலும் நடந்த பூச்சியியல் ஆய்வு. மற்றொன்று, உயிரணுவின் சைகைத் தடங்களை வைரஸ் எவ்வாறு தன்வயப்படுத்துகிறது என்ற மூலக்கூற்று ஆய்வு. இவ்விரண்டையும் ஒரே வரலாறாக வைத்து நோக்கும்போதுதான், நோயுற்ற குழந்தைக்கு மருந்து கிடைக்காமல் போனதன் காரணமும் தடுப்புப் பணி வயலை நோக்கித் திரும்பியதன் காரணமும் விளங்கும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: ஜப்பானிய மூளைக் காய்ச்சல், தென்னார்க்காடு, நெய்வேலி, சைகைத் தடம், இன்டர்ஃபெரான், நெல்வயல்

வேலூர், 1955

ஜப்பானில் 1924-இல் பெருங்கொள்ளைநோயாகப் பரவி ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கிய மூளைக் காய்ச்சலின் காரணி 1930-களில் பிரித்தறியப்பட்டது. நெல்வயலில் பெருகும் கியூலெக்ஸ் வகைக் கொசுவே அதைப் பரப்புகிறது என்பதும் அக்காலத்திலேயே தெரியவந்தது. ஆயினும் இந்தியாவில் இந்நோய் உண்டா என்ற வினா இருபது ஆண்டுகள் எழுப்பப்படாமலே இருந்தது. புனேயில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் துணையோடு 1952-இல் நிறுவப்பட்ட வைரஸ் ஆய்வு மையம், மக்களின் குருதிநீரில் எந்தெந்த வைரஸ்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் உள்ளன என்று தேடத் தொடங்கிய பின்னரே அவ்வினா உருப்பெற்றது.

1955-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களிலிருந்து காய்ச்சல், வலிப்பு, நினைவிழப்பு ஆகியவற்றோடு குழந்தைகள் கொண்டுவரப்பட்டனர். குழந்தை மருத்துவர் வெப்பும் அவருடன் பணியாற்றிய பெரேராவும் இக்குழந்தைகளின் நோய்க்குறிகளைத் தொகுத்து, இது கொசுவால் பரவும் மூளைக் காய்ச்சலாக இருக்கலாம் என்று 1956-இல் எழுதினர். அதே ஆண்டில், புனே மையத்தின் டெல்ஃபோர்டு வொர்க்கும் கீர்த்தி ஷாவும் குருதிநீர்ச் சோதனை வாயிலாக அக்கருத்தை உறுதிப்படுத்தினர். 1958-இல் வேலூரில் இறந்த நோயாளி ஒருவரின் மூளையிலிருந்து பெறப்பட்ட வைரஸ் திரிபு 'பி 20778' என்ற எண்ணைப் பெற்றது. பெயரின்றி ஓர் எண்ணாக நிற்கும் அத்திரிபு, இந்திய ஆய்வகங்களில் பல பத்தாண்டுகள் பயன்பட்டது.

இக்கட்டத்திலேயே ஒரு சிக்கல் தெரிந்தது. இவ்வைரஸ் தொற்றியவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு எந்த நோய்க்குறியும் தோன்றுவதில்லை. உலக நலவாழ்வு அமைப்பின் மதிப்பீட்டில் ஏறத்தாழ 250 தொற்றுகளுக்கு ஒன்றே கடும் நோயாக வெளிப்படுகிறது. வெளிப்பட்டால், இறப்பு 30 விழுக்காடு வரை செல்லக்கூடும். பிழைத்தவர்களிலும் 30 முதல் 50 விழுக்காட்டினருக்கு நரம்பு அல்லது மனநலக் குறைபாடு நிலைத்துவிடுகிறது. ஒரே ஊரில், ஒரே கொசுக்கூட்டத்தின் கடிக்கு ஆளான பிள்ளைகளுள் ஒரு பிள்ளை மட்டும் மூளை பாதிக்கப்படுவதும் மற்றவர்கள் அறியாமலே மீள்வதும் ஏன்? வேலூர் மருத்துவர்களிடம் அதற்கு விடை இல்லை. அன்று எவரிடமும் இல்லை.

நிலத்தடி நீரும் நெல்லும்

1981-இல் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் இந்நோய் கொள்ளைநோயாகத் தோன்றியது. அதன் பிறகு ஆய்வாளர்களின் கவனம் வேலூரிலிருந்து தெற்கே நகர்ந்தது. அன்றைய தென்னார்க்காடு மாவட்டம், அதாவது 1993-இல் கடலூர், விழுப்புரம் எனப் பிரிக்கப்பட்ட நிலப்பகுதி, இந்நோய் ஆண்டுதோறும் தலைகாட்டும் இடமாக அறியப்பட்டது. மாவட்டத்தின் நடுவே நெய்வேலி இருந்தது.

நெய்வேலியின் வரலாறு பெரும்பாலும் நிலக்கரியின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கருநிறப் பொருள் வெளிவந்தது, 1956 நவம்பரில் நிறுவனம் பதிவானது, 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தது, 1961-இல் பழுப்பு நிலக்கரிப் படுகை கண்ணுக்குத் தெரிந்தது ஆகியவை யாவரும் அறிந்த செய்திகள். இவற்றுக்கு இணையான முக்கியத்துவம் உடையது நீரின் வரலாறு. நிலக்கரிப் படுகைக்கு அடியில் மிகுந்த அழுத்தத்தில் நீர் தேங்கியுள்ளது. அதை இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால், நீர் சுரங்கத்தின் அடித்தளத்தைப் பெயர்த்துக்கொண்டு மேலெழும். எனவே நெய்வேலியில் நிலக்கரி தோண்டுவது என்பது நீர் இறைப்பதும் ஆகும். இறைத்த நீர் அனல்மின் நிலையங்களுக்கும் நகரியத்துக்கும் போக, எஞ்சியது ஓடைகள் வழியே பரவனாற்றிலும் வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி ஆகியவற்றிலும் சேர்ந்து வயல்களுக்குப் பாய்ந்தது. மழையையும் மேட்டூர் நீரையும் எதிர்நோக்கியிருந்த உழவர்களுக்கு, பருவம் பாராமல் வரும் நீர் கிடைத்தது.

நீர் நின்ற வயல், கியூலெக்ஸ் டிரைடேனியோரிங்கஸ் என்னும் கொசுவின் பிறப்பிடம். நாற்று நட்ட சில வாரங்களில், பயிர் இன்னும் மூடாத வயலில் சூரிய ஒளி படும் தெளிந்த நீரை அது விரும்புகிறது. அதே வயலில் மடையான் எனப்படும் குளக்கொக்கும் உண்ணிக்கொக்கும் இரை தேடுகின்றன. இப்பறவைகளின் குருதியில் வைரஸ் நோயின்றிப் பெருகும். பன்றி வளர்க்கப்படும் இடங்களில் பன்றி அதனினும் சிறந்த பெருக்கிடம். மாட்டையே மிகுதியாகக் கடிக்கும் இக்கொசு, மாட்டின் உடலில் வைரஸ் போதிய அளவு பெருகாததால், அங்கே தன் சுமையை வீணாக இறக்கிவைக்கிறது. மனிதனும் அத்தகைய முட்டுச்சந்தே. மனிதக் குருதியிலிருந்து அடுத்த கொசுவுக்கு வைரஸ் செல்வதில்லை. வைரஸின் நோக்கில் பார்த்தால், இறந்துபோன குழந்தையால் அதற்கு எந்தப் பயனும் இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. சுரங்க நீரே நோயைக் கொணர்ந்தது என்று எழுதிவிடுவது எளிது, கவர்ச்சியானதும்கூட. ஆனால் அது பிழையாகும். நெய்வேலியில் முதல் மண்வெட்டி விழுவதற்கு முன்பே வேலூரில் நோய் இருந்தது. நெய்வேலிக்கு வெகு தொலைவில் உள்ள வங்காளத்துப் பாங்குரா, வர்த்தமான் மாவட்டங்களில் 1973-இலும், உத்தரப்பிரதேசத்துக் கோரக்பூரில் 1978-இலும் அது பரவியது. வீராணம் ஏரியும் வெள்ளாற்று அணைக்கட்டுகளும் ஊட்டும் பழைய நெல்வயல்கள் சுரங்கத்தைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தவை. நெல் விளையும் எந்த நிலமும் இந்நோய்க்கு இடம் தரக்கூடியது என்பதே சரியான கூற்று. நெய்வேலி நீர் அந்நிலத்தின் பரப்பையும் காலத்தையும் நீட்டித்த காரணிகளுள் ஒன்று என்பதற்கு மேல் சான்றுகள் இடம் தரவில்லை.

விருத்தாசலத்தின் மாலைப்பொழுதுகள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980-களின் நடுப்பகுதியில் மதுரையில் மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்தை அமைத்தது. அதன் களநிலையம் நெய்வேலிக்கு மேற்கே விருத்தாசலத்தில் இயங்கியது. மையத்தை வழிநடத்திய ரேச்சல் ரூபன், 1960-களிலேயே வேலூர் வட்டாரக் கொசுக்களை ஆராய்ந்தவர். கஜனானா, இராசேந்திரன், பிலிப் சாமுவேல், தேன்மொழி முதலியோர் அவருடன் பணியாற்றினர்.

இவர்கள் மேற்கொண்ட வேலை வெளிப்பார்வைக்கு மிக எளிமையானது. பொழுது சாய்ந்ததும் மாட்டுக்கொட்டில்களின் அருகே கொசுக்களைப் பிடிப்பது. இனவாரியாகப் பிரித்து எண்ணுவது. குறிப்பிட்ட எண்ணிக்கையில் தொகுத்து அவற்றுள் வைரஸ் உள்ளதா என்று பார்ப்பது. இதையே தென்னார்க்காட்டுச் சிற்றூர்களில் மூன்றாண்டுகள் இடைவிடாமல் செய்து 1997-இல் வெளியிட்டனர். வைரஸைக் கண்டறிய அவர்கள் கையாண்ட முறைகளுள் ஒன்று தனியே குறிப்பிடத்தக்கது. பிடித்த கொசுக்களை அரைத்த சாற்றை டாக்சோரிங்கைட்டிஸ் என்னும் பெரிய கொசுவின் உடலில் செலுத்தினர். குருதி குடிக்காத இக்கொசு ஆய்வாளரைக் கடிக்காது. அதன் உடலில் சில நாள்கள் பெருகவிட்டு, பின்னர் ஒளிரும் எதிர்ப்பொருள் கொண்டு வைரஸைத் தேடினர். விலையுயர்ந்த உயிரணு வளர்ப்புக் கூடம் இல்லாத களநிலையத்தில் ஒரு கொசுவே ஆய்வகமாயிற்று.

இதே குழுவினர் 1995-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, நோய்க்குறியின்றித் தொற்றுக்கு ஆளான சிற்றூர்க் குழந்தைகளைப் பற்றியது. மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளை மட்டும் எண்ணுவதைவிட, வராத குழந்தைகளின் குருதியைப் பரிசோதிப்பதே நோயின் உண்மையான அளவைக் காட்டும் என்ற தெளிவு அதில் இருந்தது. வேலூரில் எழுந்த வினாவும் அதனால் கூர்மையடைந்தது. இத்தனை குழந்தைகளின் உடல் வைரஸைத் தானே வென்றிருக்கிறது என்றால், தோற்ற உடலில் நடந்தது என்ன?

உயிரணுவின் உள்ளே

இவ்வினாவுக்கான விடை வயலில் இல்லை. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் வைரஸின் மரபுப் பொருள், ஏறத்தாழ 11,000 எழுத்துகள் கொண்ட ஒற்றை ஆர்.என்.ஏ. இழை. அதிலிருந்து பத்துப் புரதங்களே உருவாகின்றன. அவற்றுள் மூன்று வைரஸின் உடலை அமைப்பவை. ஏழு பிற பணிகளுக்கானவை. இவ்வளவு சிறிய முதலீட்டோடு வரும் ஒன்று, பல்லாயிரம் புரதங்கள் இயங்கும் உயிரணுவை ஆட்கொள்ள வேண்டுமானால், அவ்வுயிரணுவிடம் ஏற்கெனவே உள்ள ஏற்பாடுகளையே பயன்படுத்த வேண்டும்.

அவ்வேற்பாடுகளுள் தலையாயவை சைகைத் தடங்கள். உயிரணுவின் மேற்பரப்பில் உள்ள ஏற்பி ஒரு செய்தியைப் பெற்றால், அடுத்துள்ள புரதத்தின்மேல் பாஸ்பேட் ஒன்றை ஏற்றுகிறது. அப்புரதம் அதற்கடுத்ததன்மேல் ஏற்றுகிறது. இவ்வாறு கைமாறிச் சென்ற செய்தி உட்கருவை அடைந்து, எந்த மரபணு விழிக்க வேண்டும், எது உறங்க வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. பாஸ்பேட்டை நீக்கும் நொதிகளும் உண்டு. இல்லையேல் ஒருமுறை எழுந்த செய்தி ஓயவே ஓயாது. வளர்வதா, பிரிவதா, மடிவதா என்ற ஒவ்வொரு முடிவும் இத்தடங்களின் வழியே நிகழ்கிறது.

மடிவது என்பதை முதலில் நோக்கலாம். தொற்றுக்கு ஆளான உயிரணு தன்னைத் தானே அழித்துக்கொண்டால், வைரஸின் பெருக்கம் அங்கேயே நின்றுவிடும். பல்லுயிரணு உயிர்களின் மிகப் பழைய தற்காப்பு இது. தைவானில் யி-லிங் லின்னின் ஆய்வுக்குழு 2005-இல், இவ்வைரஸ் தொற்றின் தொடக்க நேரத்திலேயே பிஐ3கே என்னும் நொதியின் தடத்தைத் தூண்டிவிடுகிறது என்று காட்டியது. இயல்பான நிலையில், வளர்ச்சிக் காரணிகள் வரும்போது 'உயிரோடு இரு' என்று உயிரணுவுக்குச் சொல்லும் தடம் அது. வைரஸ் அதே கட்டளையை இரவல் வாங்கி, தன் பெருக்கத்துக்கு வேண்டிய சில மணி நேரங்களைப் பெற்றுக்கொள்கிறது. அத்தடத்தை மருந்தால் அடைத்தபோது உயிரணுக்கள் விரைவில் மடிந்தன.

புரதங்கள் மடித்து ஒழுங்குபடுத்தப்படும் எண்டோபிளாச வலைப்பின்னலின் சவ்வுகளில்தான் வைரஸ் தன்னைப் படியெடுக்கிறது. அங்கே புரதச் சுமை மிகுந்தால் உயிரணு ஒரு நெருக்கடிச் சைகையை எழுப்பும். சுமையைத் தாங்க வலைப்பின்னலை விரிவாக்கும். விரிந்த வலைப்பின்னல் வைரஸுக்கே பணிமனையாகிறது. ஆயினும் இச்சைகை நீடித்தால் இறுதியில் உயிரணுவை மடியவும் வைக்கும். வைரஸுக்கும் உயிரணுவுக்கும் இடையில் நடப்பது முழுமையான கொள்ளை அன்று. நேரத்தை முன்னிட்ட இழுபறி.

எச்சரிக்கை மணியும் ஒலிக்கவே செய்கிறது. உயிரணுவுக்குள் ரிக்-ஐ என்னும் உணர்வுப் புரதம் இவ்வைரஸின் ஆர்.என்.ஏ.வை அயலானது என்று அறிந்துகொள்கிறது என்பதை ஒசாகாவின் அகிரா ஆய்வகம் 2006-இல் நிறுவியது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் மஞ்சுநாத்தின் குழு, தொற்றிய உயிரணுக்களில் என்எஃப்-கப்பா-பி என்னும் அழற்சித் தடம் விழித்தெழுவதை 2010-இல் விவரித்தது. இவ்வறிதலின் விளைவாகச் சுரக்கப்படும் இன்டர்ஃபெரான், அருகிலுள்ள உயிரணுக்களின் ஏற்பியில் பொருந்துகிறது. அங்கே டைக்-2, ஜாக்-1 என்னும் நொதிகள் ஸ்டாட் புரதங்களின்மேல் பாஸ்பேட் ஏற்ற, அவை உட்கருவுக்குள் சென்று நூற்றுக்கணக்கான தற்காப்பு மரபணுக்களை எழுப்புகின்றன. பெரும்பாலான குழந்தைகள் தப்புவதற்கு இத்தடமும், பின்னர் உருவாகும் எதிர்ப்பொருள்களும் துணைநிற்கின்றன.

இந்த இன்டர்ஃபெரானை இலண்டனில் ஐசக்ஸும் லிண்டன்மானும் கண்டறிந்தது 1957-இல். நெய்வேலியில் சுரங்கப் பணி தொடங்கிய அதே ஆண்டு.

ஹோ சி மின் நகரில் கிடைத்த விடை

உடலே சுரக்கும் மருந்து இன்டர்ஃபெரான். ஆய்வகத் தட்டில் அது இவ்வைரஸை அடக்கியது. தாய்லாந்தில் 1980-களில் மிகச் சில நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டபோது அவர்கள் தேறினர். நம்பிக்கை வளர்ந்தது. தென்னார்க்காடு உட்பட, ஆசியாவின் நெல் விளையும் மாவட்டங்கள் அனைத்திலும் மருத்துவர்கள் செய்யக்கூடியது வலிப்பை நிறுத்துவதும், மூளை வீக்கத்தைக் குறைப்பதும், மூச்சுக்குத் துணைநிற்பதும் மட்டுமே என்றிருந்த காலத்தில், இது முதல் உண்மையான மருந்தாகலாம் என்று எதிர்பார்க்கப்பட்டது.

வியட்நாமின் ஹோ சி மின் நகரில் டாம் சாலமனும் அவருடைய வியட்நாமியத் தோழர்களும் இதை முறைப்படி சோதித்தனர். 112 குழந்தைகள் சேர்க்கப்பட்டனர்; அவர்களுள் 87 பேருக்கு இந்நோய் குருதிநீர்ச் சோதனையில் உறுதியாயிற்று. ஒரு பகுதியினருக்கு இன்டர்ஃபெரான் ஆல்ஃபா, மறுபகுதியினருக்குப் போலிமருந்து. 2003-இல் வெளியான முடிவு ஐயத்துக்கு இடம் தரவில்லை. 21 குழந்தைகள் இறந்தனர். 17 குழந்தைகள் கடும் ஊனத்துடன் எஞ்சினர். மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே வேறுபாடே இல்லை.

இத்தோல்விக்கு ஒரு விளக்கம், குழந்தைகள் மருத்துவமனைக்கு வரும்போதே காலம் கடந்துவிடுகிறது என்பது. அது உண்மையே. ஆனால் அடுத்த ஆண்டே தைவானிலிருந்து வந்த ஆய்வு வேறொரு கதவைத் திறந்தது. லின்னின் குழு 2004-இல், இவ்வைரஸ் தொற்றிய உயிரணுக்களில் இன்டர்ஃபெரானைச் சேர்த்தாலும் டைக்-2, ஸ்டாட்-1 ஆகியவற்றின்மேல் பாஸ்பேட் ஏறுவதில்லை என்று காட்டியது. செய்தி வாயிலுக்கு வருகிறது, உள்ளே கைமாறுவதில்லை. 2006-இல் அதற்குப் பொறுப்பான புரதமும் அடையாளம் காணப்பட்டது. அது என்எஸ்5. வைரஸின் ஆர்.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதியும் அதுவே. பாஸ்பேட்டை நீக்கும் உயிரணுவின் சொந்த நொதிகளை அது துணைக்கு அழைத்துக்கொள்கிறது என்பதே அவ்வாய்வு தந்த விளக்கம். செய்தியை ஓயவைப்பதற்கென உயிரணு தனக்கு அமைத்துக்கொண்ட ஏற்பாடு, செய்தி எழும் முன்பே பயன்படுத்தப்படுகிறது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த டெங்கு வைரஸும் சிகா வைரஸும் என்எஸ்5 புரதத்தைக் கொண்டே இத்தடத்தை முடக்குகின்றன. ஆனால் அவை ஸ்டாட்-2 புரதத்தை அழிக்கும் வேறு வழியைக் கைக்கொள்கின்றன. உறவினர்கள் ஒரே பூட்டை வெவ்வேறு வகையில் உடைக்கிறார்கள். எனவே ஒன்றுக்கு வடிவமைக்கும் மருந்து மற்றொன்றுக்கும் பயன்படும் என்று கருதிவிட இயலாது.

ஆகவே ஹோ சி மின் நகரில் மருந்து தோற்றதற்கு அளவின் போதாமையையோ மருத்துவரின் கவனக்குறைவையோ காரணமாகக் கூறுவது பொருந்தாது. வெளியிலிருந்து எவ்வளவு இன்டர்ஃபெரான் செலுத்தினாலும், ஏற்கெனவே தொற்றிய நரம்பணுக்களில் அதைக் கேட்கும் தடம் துண்டிக்கப்பட்டிருக்கும் வாய்ப்பு மிகுதி. மருத்துவச் சோதனையும் மூலக்கூற்று ஆய்வும் தனித்தனியே நடந்தவை. ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் படித்தால்தான் அவை ஒரே நிகழ்வின் இரு பக்கங்கள் என்பது தெரிகிறது.

மூளையில் நிகழும் சேதமும் முழுவதும் வைரஸின் வேலையன்று. அரியானாவின் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆய்வு மையத்தில் அனிர்பன் பாசுவின் குழு, மூளையின் காவலணுக்களான மைக்ரோகிளியா அளவுமீறித் தூண்டப்பட்டு, அவை சுரக்கும் அழற்சிப் பொருள்களே நரம்பணுக்களைக் கொல்கின்றன என்று 2007-இல் காட்டியது. இங்கே முரண் ஒன்று உள்ளது. தொற்றிய உயிரணுவில் தற்காப்புச் சைகை அடக்கப்படுகிறது. தொற்றாத காவலணுவில் அதே தற்காப்பு எல்லை மீறுகிறது. முகப்பருவுக்குத் தரப்படும் பழைய மருந்தான மினோசைக்ளின் இவ்வழற்சியைத் தணித்து எலிகளைக் காத்தது. இலக்னோவில் மூளைக் காய்ச்சல் நோயாளிகளிடம் அது சோதிக்கப்பட்டு 2016-இல் முடிவு வெளியானது. இறப்பு குறைந்ததாகத் தோன்றினாலும் மொத்த நோயாளிகளிடம் அது புள்ளியியல் முறையில் உறுதிப்படவில்லை. மருத்துவமனையில் முதல் நாளைக் கடந்தவர்களிடம் மட்டும் பலன் தெரிந்தது.

மீண்டும் வயலுக்கு

உள்ளே நுழைந்த வைரஸை வெல்லும் மருந்து கிடைக்காதபோது, நுழையவிடாமல் தடுப்பதே எஞ்சியது. மதுரை மையத்தினர் இதை மூலக்கூற்று விளக்கங்கள் வருவதற்கு முன்பே செய்து பார்த்திருந்தனர் என்பது இவ்வரலாற்றில் போதிய மதிப்பைப் பெறவில்லை. ரூபனும் அவருடைய குழுவினரும் 1992-இலும் 1995-இலும் வெளியிட்ட ஆய்வுகளில், நெல்வயலில் வேப்பம் பிண்ணாக்கையும், அது பூசப்பட்ட யூரியாவையும் இட்டு, நீரை விட்டுவிட்டுப் பாய்ச்சினர். உழவர் வழக்கில் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' எனப்படும் முறை இது. வயல் இடையிடையே காய்வதால் கொசுப் புழுக்கள் முதிர்வதற்குள் மடிந்தன, வேம்பும் சேர்ந்தபோது பலன் கூடியது, விளைச்சல் குறையவில்லை.

இம்முறை பரவலாகாததற்குக் காரணம் தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. காய்ச்சுவதும் பாய்ச்சுவதும், மடையைத் திறக்கவும் அடைக்கவும் உரிமை உள்ள உழவருக்கே இயலும். ஏரி நிரம்பி வழியும்போதும், வாய்க்காலில் முறை வைத்து நீர் வரும்போதும், சுரங்கத்திலிருந்து ஓயாமல் நீர் வந்துகொண்டிருக்கும்போதும் தனி உழவர் ஒருவர் தம் வயலை மட்டும் காயவிடுவது கடினம். கொசு பறக்கும் தொலைவுக்குள் உள்ள எல்லா வயல்களும் ஒருசேரக் காய வேண்டும். நோயைத் தடுக்கும் நீர் மேலாண்மை மருத்துவத் துறையின் கையில் இருந்ததே இல்லை.

தடுப்பூசியின் வரலாறு இதனினும் நீண்டது. இமாச்சலத்துக் கசௌலியில் எலி மூளையிலிருந்து உருவாக்கப்பட்ட தடுப்பூசி, பல தவணைகள் தேவைப்பட்டதாலும் உற்பத்தி குறைவாக இருந்ததாலும் பெருந்திரளுக்கு எட்டவில்லை. 2005-இல் கோரக்பூர் வட்டாரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்த பின்னரே, சீனாவில் வலுக்குறைத்து உருவாக்கப்பட்ட எஸ்ஏ 14-14-2 தடுப்பூசி 2006-இல் இந்தியாவுக்குள் வந்தது. அடுத்துவந்த ஆண்டுகளில் கடலூர் உள்ளிட்ட தமிழ்நாட்டு மாவட்டங்களின் குழந்தைகளுக்கும் அது போடப்பட்டது. வேலூர் மருத்துவர்கள் நோயை அறிவித்து ஐம்பது ஆண்டுகள் கழித்து வந்த தடுப்பு அது. எதிர்ப்பொருள்கள் வைரஸை உயிரணுவுக்கு வெளியே, குருதியிலேயே பிடித்துவிடுவதால், சைகைத் தடங்களைக் கைப்பற்றும் வாய்ப்பு அதற்குக் கிட்டுவதில்லை.

2013-இல் ஐதராபாத்தின் பாரத் பயோடெக் நிறுவனம் உள்நாட்டுத் தடுப்பூசி ஒன்றை வெளியிட்டது. அதற்கு மூலமான வைரஸ், தமிழ்நாட்டில் கொள்ளைநோய் பரவிய அதே 1981-இல் கர்நாடகத்தின் கோலாரில் ஒரு நோயாளியிடமிருந்து பெறப்பட்டது. அது ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து 1962-இல் ஜப்பானில் உருவாக்கப்பட்ட வீரோ என்னும் உயிரணு வரிசையில் வளர்க்கப்படுகிறது. உலகின் பல வைரஸ் தடுப்பூசிகள் இவ்வுயிரணுக்களில்தான் தயாராகின்றன. வீரோ உயிரணுக்களில் முதல் வகை இன்டர்ஃபெரானைச் சுரக்கும் மரபணுத் தொகுதி அறுபட்டுப் போயிருக்கிறது. எச்சரிக்கைச் சைகையை அண்டை உயிரணுக்களுக்கு அனுப்ப இயலாத அவற்றில் வைரஸ் தடையின்றிப் பெருகுகிறது; அவ்வாறு பெருகியதை வேதிப்பொருளால் செயலிழக்கச் செய்து குழந்தைகளுக்குச் செலுத்துகின்றனர்.